வலது குழலில் ஒரு கடலைப் பருப்பு

கிணத்துக்கடவுப் பக்கம் பிடுங்கிய நிலக்கடலை, மதுக்கரையில் ஒரு தள்ளுவண்டிச் சட்டியில் மணலோடு வறுபட்டு, காகிதப் பொட்டலமாக ஒரு வீட்டுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தென் அமெரிக்காவில் பிறந்த பயிர்தான். கொங்கு நாட்டில் அதை யாரும் அசலூராக நினைப்பதில்லை. ஒன்றரை வயதுக் குழந்தை ஒரு பருப்பை வாயில் போடுகிறது. அரைக்கக் கடைவாய்ப் பல் போதாது. அந்த நேரம் பார்த்து யாரோ சிரிப்புக் காட்டுகிறார்கள்.

புரை ஏறுகிறது. உச்சந்தலையில் தட்டுகிறார்கள், தண்ணீர் கொடுக்கிறார்கள், இருமல் அடங்குகிறது. எல்லோரும் நிம்மதியாகிவிடுவதுதான் இதில் மோசமான கட்டம். பருப்பு குரல்நாண்களைத் தாண்டி, அகலமாகவும் நேராகவும் இறங்கும் வலது கிளைக்குழலில் போய் உட்கார்ந்திருக்கும். எக்ஸ்ரேயில் கடலை தெரியாது. ஈரத்தில் ஊறிப் பருக்கும். எண்ணெய்ப் பசை சவ்வைப் புண்ணாக்கும். சைக்கிள் டியூப் வால்வு மாதிரி காற்றை உள்ளே விட்டு வெளியே விடாது. அந்தப் பக்க நுரையீரல் உப்பும். வீசிங் என்று வாரக்கணக்கில் சிரப் குடிக்கும் பிள்ளைகள் உண்டு.

கோவை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபின், பருப்பு திரும்பி வரவேண்டிய தூரம் ஒரு சாணுக்குள். 1897இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் குஸ்டாவ் கில்லியன் ஒரு விவசாயியின் மூச்சுக்குழலிலிருந்து பன்றி எலும்பை எடுத்தபோது கொக்கெயின் தடவி மரக்க வைத்தார். ஆள் விழித்தே இருந்தார். ஒன்றரை வயதிடம் அது நடக்காது. மயக்கம் கொடுத்தே ஆகவேண்டும். மயக்க மருத்துவருக்கும், மூச்சுக்குழலுக்குள் விடும் பிராங்கோஸ்கோப் குழாயைப் பிடிப்பவருக்கும் வழி ஒன்றுதான்.

அதனால் அந்தக் குழாயின் பக்கவாட்டில் ஒரு வாய் வைத்திருக்கிறார்கள். ஆக்சிஜனும் மயக்க வாயுவும் அதன் வழியே போகும். அதில் மாட்டும் சர்க்யூட் 1937இல் நியூகாசிலில் பிலிப் அயர் வகுத்த, வால்வே இல்லாத டி வடிவக் குழாயின் வாரிசு. 1950இல் லிவர்பூலில் ஜாக்சன் ரீஸ் அதன் வாலில் வாய் திறந்த பையைச் சேர்த்தார். நம் தியேட்டர்களில் அது வெறும் ‘ஜே.ஆர்.’

செவோஃப்ளூரேன் என்ற மயக்க வாயுவை முகரவைத்து, குரல்நாண்களில் மரக்கவைக்கும் லிக்னோகெய்ன் தெளித்து, குழந்தையின் சொந்த மூச்சை நிறுத்தாமலே வைப்பவர்கள் உண்டு. அழுத்திக் காற்றுத் தள்ளினால் பருப்பு ஆழம் போகுமோ என்ற பயம். குழாய் உள்ளே இருக்கும்போது பிள்ளை இருமினால் அதுவும் ஆபத்து என்று தசையைத் தளர்த்திப் பையை அமுக்குபவர்களும் உண்டு. எந்த வழியானாலும், எடைக்கு எடை பெரியவர்களைவிட இரு மடங்கு ஆக்சிஜன் செலவழிக்கும் உடம்பு இது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு சரிந்தால் சர்ஜன் கையை நிறுத்த வேண்டும். அதில் மயக்க மருத்துவர் வைத்ததுதான் சட்டம்.

ஊறிய பருப்பு இடுக்கியில் அமுக்கினாலே உடையும். பிடிபட்டாலும் பெரும்பாலும் குழாய்க்குள் நுழையாது. குழாய், இடுக்கி, பருப்பு மூன்றும் சேர்ந்தே வெளியேற வேண்டும். குரல்நாண்களுக்குக் கீழே நழுவிச் சிக்கினால் இரு நுரையீரலுக்கும் வழி அடைபடும். உடனே எடுக்க முடியாவிட்டால், பாடுபட்டு மேலே கொண்டுவந்ததை மறுபடி வலது குழலுக்கே தள்ளிவிட்டு, இடது நுரையீரலையாவது ஓடவிடுவார்கள்.

வெளியே வந்ததும் கிட்னி டிரேயில் துண்டுகளைப் பொருத்திப் பார்ப்பார்கள். முழுப் பருப்பாகச் சேர்ந்தாலும் குழாய் இன்னொரு தடவை உள்ளே போகும், இடது பக்கமும் சேர்த்து. வாயில் போட்டது ஒன்றுதானா என்பதற்கு வீட்டில் எவரிடமும் உறுதியான பதில் இருக்காது.