உபதேசியார் இராஜநாயக்கர்

செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்வோர் தேசிங்குராஜனை நினையாது திரும்புவதில்லை. அவ்வீரன் போர்க்களத்தில் மாண்டது 1714ஆம் ஆண்டு. அதே ஆண்டில் தரங்கம்பாடி அச்சுக்கூடத்தில், சீகன்பால்கு ஐயர் தமிழாக்கிய நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் அச்சேறின. தேசிங்கின் வாளைப் பாடுவார் பலருளர்; இப்புத்தகத்தைப் பாடுவாரைக் காணோம். ஆயினும் நம் குலத்துச் சேவகர் ஒருவரின் வாழ்வைத் திருப்பியது இப்புத்தகமே.

அவர் இராஜநாயக்கர், 1700இல் பிறந்தவர், தஞ்சை மராட்டிய மன்னர் படையிற் சேவகம் புரிந்தவர். பெயரைக் கண்டு நாயக்கர் வகுப்பினரென மயங்கற்க. பறையர் குலத்தவரென மிஷன் ஏடுகளே கூறுகின்றன. பாட்டன் காலந்தொட்டு அவர் குடும்பம் ரோமான் கத்தோலிக்க மார்க்கத்தது. அச்சுப் புத்தகம் கைக்கு வந்ததும் அதனை ஊன்றிக் கற்றார். வேதத்தைத் தம் தாய்மொழியிலே தாமே வாசித்தறிதல் அக்காலத்துக் கத்தோலிக்கக் குடியானவருக்கு எளிதிற் கிட்டாத பேறு. உள்ளத்தில் ஐயங்கள் எழுந்தன. தரங்கம்பாடிக் குருமாரை நாடினார். 1728ஐ ஒட்டி லுத்தரன் சபையிற் சேர்ந்து உபதேசியாரானார். வீரமாமுனிவர் லுத்தரன் மார்க்கத்தை மறுத்து ‘வேத விளக்கம்’ இயற்றிய காலமும் அதுவே. ஆகவே பழைய சபையாரின் பகை கடுமையாயிருந்தது.

ஐரோப்பியக் குருமார் தஞ்சைச் சீமைக்குள் விரும்பியவாறு புகுதல் அந்நாளில் இயலாது. அங்கே சபையை வளர்த்தவர் இவர் போன்ற உபதேசியார்களே.

இனிக் கூறப்போவதே நாம் சிந்திக்கற்பாலது. 1733இல் கடலூர் வேளாளரான ஆரோன் முதற் தமிழ்க் குருவாக அபிஷேகம் பெற்றார். 1741இல் தியோகு என்பார் பெற்றார். இராஜநாயக்கரின் பெயரும் ஆலோசனைக்கு வந்ததுண்டு. அவருடைய கல்வியிலோ பக்தியிலோ குறை கண்டாரில்லை. அவர் கையால் இராப்போசனம் பெற மேற்குலத்துக் கிறிஸ்தவர்கள் கூசுவர், அச்சடங்கின் மதிப்பே குன்றும் என்று குருமார் அஞ்சினர். ரோமாபுரியின் அதிகாரத்தை எதிர்த்து நிற்க அஞ்சாத லுத்தரின் சீடர்கள் இங்கே சாதிக்கு அஞ்சினர்! அந்த அச்சம் அவர்தம் நூல்களிலேயே பதிவாகியுள்ளது; மறைக்கவில்லை என்பதற்காக மட்டும் அவர்களைப் பாராட்டலாம்.

இவரோ சபையை விட்டு விலகவில்லை. பழைய மார்க்கத்துக்கும் மீளவில்லை. ஏறக்குறைய நாற்பதாண்டுக்கு மேல் ஊர் ஊராய்ச் சென்று உபதேசித்து, 1771இல் காலமானார். தாம் சபைக்குட் கொணர்ந்தோருக்கு ஒருமுறையேனும் இராப்போசனம் வழங்கும் உரிமை அவருக்குக் கடைசிவரை கிட்டவில்லை.