கைமுறைப் பல்லிணைப்பெட்டி

கைமுறைப் பல்லிணைப்பெட்டி அல்லது மேனுவல் கியர் என்பது, ஓட்டுநரே கிளட்ச் மிதியை அழுத்திக் கியரை மாற்றும் அமைப்பு ஆகும். மகிழுந்து ஆர்வலர் பலர் புதிய வண்டிகளிலும் இதனையே விரும்புகின்றனர்.

வேதாரண்யம் போன்ற சமவெளியை விட, 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதையில் கியரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையின் பயன் தெளிவாகும். இறக்கத்தில் தாழ்ந்த கியரில் சென்றால் எஞ்சினே வேகத்தைத் தணிக்கும்; பிரேக் சூடேறுவது குறையும். தற்காலத் தானியங்கி வண்டிகள் பலவற்றிலும் இவ்வசதி உண்டு. எனவே, கையும் காலும் இணைந்து இயங்கும் ஓட்டுதல் அனுபவமே ஆர்வலர்களின் விருப்பத்திற்கு முதன்மைக் காரணம் எனலாம்.

இந்தியாவில் 2021 இல் வெளியான ஹூண்டாய் ஐ20 என் லைன், கிளட்ச் மிதியற்ற ஐஎம்டி, தானியங்கி ஆகிய இரு வகைகளில் மட்டுமே கிடைத்தது. 2023 இல் ஐஎம்டிக்குப் பதிலாக, கிளட்ச் மிதியுடன் கூடிய 6 கியர் கைமுறைப் பெட்டி இடம்பெற்றது.