கையறுநிலையில் ஒரு விளையாட்டு: பாவாணரின் ‘ஆட்டின் பயன்’ குறித்து ஒரு மறுப்பு

வீடியோ கேம் மனத்தை உருக்க வேண்டுமா, ஆடுபவரை மகிழ்வித்தால் போதுமா என்ற வாதத்தில் இரு தரப்பும் ஒரே முன்முடிவோடு பேசுகின்றன. உருக்கம் கதையிலிருந்து வருவது, மகிழ்ச்சி ஆட்டத்திலிருந்து வருவது என்பதே அது. வீடியோ கேம் ஒருபோதும் கலையாகாது என்று அமெரிக்கத் திரைவிமர்சகர் ரோஜர் ஈபர்ட் 2010இல் எழுதியபோது இதன்மேல்தான் நின்றார். விதி, புள்ளி, வெற்றி இருந்தால் அது விளையாட்டு; அவற்றை எடுத்துவிட்டால் கதையோ நாடகமோ ஆகிவிடும் என்றார். தமிழில் இதே பிரிவினை வேறொரு வழியில் வந்தது. ஞா. தேவநேயப் பாவாணரின் ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ (1954) நூலில் அதன் தெளிவான வடிவத்தைக் காணலாம்.

தெருவில் சிறுவரும் சிறுமியரும் ஆடியவற்றை ஆராய்ச்சிக்குரிய பொருளாக மதித்துத் தொகுத்தவர் பாவாணர். ஆண்பால், பெண்பால், இருபால் என்றும், பகலாட்டு, இரவாட்டு என்றும் அவற்றை வகுத்தார். பல ஆட்டங்களுக்குப் பெயர், கருவி, ஆடிடம், ஆடுமுறை, ஆட்டுத் தோற்றம், ஆட்டின் பயன் என ஒரு வாய்பாடு வைத்தே எழுதினார். இந்த உழைப்பு இல்லாவிட்டால் பல ஆட்டங்களின் விதிகள் இன்று நமக்குக் கிடைத்திரா. அவருக்குக் கடன்படாமல் இத்துறையில் யாரும் ஒரு பக்கமும் எழுதிவிட முடியாது.

என் மறுப்பு அந்த வாய்பாட்டின் கடைசித் தலைப்பைப் பற்றியது. கோலியின் பயன் குறிபார்த்து எறியும் பயிற்சி என்பது போலவே மற்ற ஆட்டங்களுக்கும் உடலுக்கோ அறிவுக்கோ உரிய ஒரு திறமை கணக்கில் எழுதப்படுகிறது. ஆடும்போது மனத்தில் நிகழ்வதற்குத் தலைப்பே இல்லை. தோற்றவன் அன்றிரவு என்ன ஆனான், ஆட்டத்தை விட்டு வளர்ந்தவள் எதை இழந்தாள் என்ற கேள்விகள் அந்த வாய்பாட்டுக்குள் எழ இடமில்லை. விளையாட்டைப் பொழுதுபோக்கென்று ஒதுக்கியவர்களுக்கு விடை சொல்லவே அவர் பயனைத் தேடினார் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த நோக்கம் உயர்ந்தது. ஆனால் நாம் அந்த வாய்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டோம். ரம்மியும் போக்கரும் திறமையாட்டங்களா, அதிர்ஷ்டத்தைச் சார்ந்தவையா என்பதுதான் 2023இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முன்னும் வந்த கேள்வி. திறமை என்பதே அன்று கிடைத்த விடை. அந்த வழக்குக்கு அது போதுமானதாக இருந்தது. விளையாட்டின் வரலாற்றுக்குப் போதாது.

பாவாணர் பக்கம் வலுவான ஒரு சான்று உண்டு. அதை மறைக்கக் கூடாது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் உவகை பிறக்கும் களங்களாகச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு ஆகிய நான்கைச் சொல்கிறது. அந்த உவகையைத் துன்பம் நீங்கியது என்றும் சிறப்பிக்கிறது. ஆறு, குளம், சோலை ஆகியவற்றில் ஆடி வருவதை உரையாசிரியரான பேராசிரியர் இங்கே விளையாட்டாகக் கொள்கிறார். இலக்கணம் விளையாட்டைத் துன்பத்திலிருந்து பிரித்துவைத்துவிட்டது, ஆகவே மகிழ்ச்சியே அதன் எல்லை என்று ஒருவர் முடிவு கட்டலாம்.

அந்த முடிவைத் தடுத்து நிறுத்துவது புறநானூற்றின் 243ஆம் பாட்டு. பாடியவர் தொடித்தலை விழுத்தண்டினார். கோல் ஊன்றி, இருமலுக்கிடையே சில சொற்களே பேச முடிகிற ஒரு முதியவர் தம் இளமையை நினைக்கிறார். மணலில் பாவை செய்து பூச்சூட்டியது, பெண்களோடு கைகோத்து ஆடியது, துறையில் தாழ்ந்திருந்த மருதக் கிளையில் ஏறி ஆழமான மடுவில் கரையிலிருந்தோர் வியக்கத் துடுமெனக் குதித்தது, அடிமணலை அள்ளிக்கொண்டு மேலே வந்தது. பேராசிரியர் சொல்லும் அதே நீராட்டம்தான். பாட்டின் பெரும்பகுதி இந்த ஆட்டமே. துயரத்துக்கு வாய்த்தவை சில அடிகள். ஆட்டம் எவ்வளவு நுணுக்கமாகச் சொல்லப்படுகிறதோ அவ்வளவு இழப்பு கனக்கிறது. அதே மெய்ப்பாட்டியல் சொல்லும் அழுகைக்குரிய நான்கு களங்களுள் அசைவும் ஒன்று. பழைய நிலை கெட்டு வருந்துவது அது. உவகையின் களமும் அழுகையின் களமும் இங்கே ஒரே மடுவில் கூடுகின்றன.

பதிப்புகள் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு வரி அதைவிட முக்கியமானது என்பேன். இப்பாட்டின் அடிக்குறிப்பு திணையைப் பொதுவியல் என்றும் துறையைக் கையறுநிலை என்றும் தருகிறது. கையறுநிலை என்பது இறந்தவரை நினைந்து ஆற்றாமல் வருந்தும் துறை. இதற்கு முந்திய 242ஆம் பாட்டு ஒல்லையூர்ச் சாத்தன் இறந்தபின் முல்லையை நோக்கிப் பாடியது, அதுவும் கையறுநிலை. 243இலோ யாரும் இறக்கவில்லை. இறந்துபோனது ஒரு விளையாட்டு. வீரனுக்கு அழுத வரிசையில் குளத்தில் குதித்த ஆட்டத்தையும் நிறுத்தியவர் யாராயினும், அவருக்கு விளையாட்டு வெறும் திறப்பயிற்சியாகத் தெரிந்திருக்க முடியாது.

இந்த வாதத்தின் பலவீனம் எனக்குத் தெரியும். துறைக்குறிப்பைத் தந்தவர் பாடிய புலவரா, தொகுத்தவரா, பின்னால் வந்தவரா என்பது முடிவாகவில்லை. மெய்ப்பாட்டியலின் காலமும் விவாதத்தில்தான் இருக்கிறது. இரங்கற்பாக்களுக்கு நடுவே கிடந்ததால் இயந்திரத்தனமாக அதே துறை எழுதப்பட்டது என்றும் சொல்லலாம். ஆனால் அதை முதலில் அங்கே கொண்டுவந்து வைத்தது யார் என்ற கேள்வி அப்போதும் மிஞ்சும். துறை பிற்காலத்தது என்றே கொண்டாலும், விளையாட்டைத் துயரமாகப் படித்த ஒரு தமிழ் வாசகர் 1894இல் உ.வே. சாமிநாதையர் இந்நூலைப் பதிப்பிப்பதற்கு முன்பே இருந்திருக்கிறார் என்பது உறுதி. என் வாதத்துக்கு அவர் ஒருவர் போதும்.

இனி, விளையாட்டில் துயரத்துக்கு ஆரணியில் நான் கண்ட ஒரு சான்றுக்கு வருகிறேன். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பரமபதம் ஆடுவது தமிழ்நாட்டில் பரவலான வழக்கம். ஆரணிப் பட்டு நெசவாளர் வீடொன்றில், ஜக்கார்டு அட்டைக் கட்டுகளோடு சேர்த்து வைத்திருந்த ஒரு பரமபதத் தாளைப் பார்த்தேன். அச்சகத்தின் பெயர் இல்லை. விலை இருந்திருக்க வேண்டிய மூலை கிழிந்துவிட்டது; விலை அணாவிலா, 1957க்குப் பிந்திய நயா பைசாவிலா என்று தெரிந்திருந்தால் காலத்தை ஓரளவு குறுக்கியிருக்கலாம். தாள் தேய்ந்திருந்த இடம்தான் என்னை நிறுத்தியது. உச்சிக்குச் சற்றுக் கீழே வாயைத் திறந்திருக்கும் மிக நீண்ட பாம்பின் தலையில் மை முற்றிலும் போய் நார் தெரிந்தது. பரமபதக் கட்டத்தில் நிறம் அப்படியே இருந்தது. மடிப்பு அந்த வழியே போகவில்லை. காய் வந்து நின்ற தேய்மானம் மட்டும் என்றால் பக்கத்துக் கட்டங்களும் அவ்வாறே தேய்ந்திருக்க வேண்டும். அந்தத் தலையில் விரலை வைத்துக் கும்பலாகப் பதறியவர்களின் தேய்மானம் அது என்று நான் வாதிடுவேன். ஒரு தாள் ஒரு தாள்தான். வேறு தாள்களில் இது பொய்க்கலாம்.

ஆனாலும் பரமபதம் பாவாணரின் வாய்பாட்டையும் ஈபர்ட்டின் வாதத்தையும் ஒருசேரச் சிக்கலாக்குகிறது. தாயக்கட்டை விழுவதில் திறமை இல்லை. ஆகவே பயிற்சி என்ற பயன் இல்லை. விதியும் வெற்றியும் உண்டு; ஆயினும் உச்சியிலிருந்து அடிவரிசைக்கு இறங்குபவரின் வயிற்றில் ஏற்படும் அந்தச் சரிவைக் கதை எதுவும் ஊட்டவில்லை. ஆட்டமே ஊட்டுகிறது.

இதே வழியில்தான் ‘வெண்பா’வையும் படிக்க வேண்டும். டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட இந்த வீடியோ கேம், 1980களில் கனடாவுக்குக் குடியேறிய தமிழ்த் தம்பதியையும் அவர்கள் மகன் கவினையும் பற்றியது. 2024இல் அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருது பெற்றது. உருக்கமான கதை, ஆட்டம் மட்டும் மிக எளிது என்று அதைப் பாராட்டுபவர்களே சொல்வதுண்டு. அது தவறான கணிப்பு. மனைவிக்கு அவள் அம்மா கொடுத்த, சிதைந்துபோன சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லியும் புட்டும் செய்வதே ஆட்டம். கிழிந்த வரியில் என்ன இருந்தது என்று ஆடுபவர் ஊகிக்க வேண்டும். தவறினால் மறுபடி செய்யலாம். பின்னர் வளர்ந்த கவின் தானே சமைக்க முயலும்போது, தமிழ் அவனுக்குச் சரியாகப் பிடிபடாததால் அதே குறிப்பேடு ஆடுபவருக்கும் அரைகுறையாகிறது. உரையாடல் எதுவும் தாய்க்கும் மகனுக்கும் இடையிலான பிரிவை இவ்வளவு கூர்மையாகச் சொல்லவில்லை. குடும்பச் சண்டைகளை வசனமாக ஓடவிடும் இடங்களில் அந்த ஆட்டம் உண்மையில் தளர்ந்தே போகிறது. பாவாணரின் தலைப்பின்கீழ் எழுதினால் இதன் பயன் சமையல்முறை அறிதல் என்று முடிந்துவிடும். இதைக் கையறுநிலை என்று குறிக்க, 243ஆம் பாட்டுக்குத் துறை வகுத்தவர் தயங்கியிருக்க மாட்டார்.