கடல் நடுவே ஓரடி

‘சஃபர்’ என்னும் அறபுச் சொல் பயணத்தைக் குறிக்கும். அக்கரைச் சீமைக்குப் பிழைக்கச் சென்றவர்களைத் தஞ்சைத் தரணி முஸ்லிம்கள் ‘சபுராளி’ என்றழைத்தது அதன் வழியேதான். நன்னிலம், திருவாரூர் வட்டாரங்களிலிருந்து நாகப்பட்டினம் சென்று கப்பலேறிய சபுராளிகள் பலர். அவர்கள் கடந்த தொலைவைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அத்தொலைவில் மிகவும் ஆபத்தான ஓரடியைப் பற்றி எண்ணிப் பார்த்தோமில்லை. படகிலிருந்து கப்பலுக்கு மாறிய அடியே அது.

நாகப்பட்டினத்தில் பெருங்கப்பல் கரையணைய ஆழம் போதாது. 1926-இல் கட்டப்பெற்றுப் பினாங்கு, சிங்கப்பூர் வழியே நெடுங்காலம் ஓடிய ‘ரஜூலா’வும் தொலைவில் நங்கூரமிட்டே நின்றது. பயணிகள் படகில் சென்றே ஏறவேண்டும்.

கப்பல் மெல்ல அசையும். படகோ ஒவ்வோர் அலைக்கும் எழுந்து தாழும். படகு தாழ்ந்திருக்கும்போது ஏணியைப் பற்றினால், அடுத்த அலையில் ஏறிவரும் படகு காலை நசுக்கிவிடும். அலையின் உச்சியில் மாறினால், படகு தானே கீழிறங்கி விலகும். ஆகவே, ஏறுபவரின் துணிவைவிடக் காத்திருக்கும் பொறுமையே உயிரைக் காத்தது.

காலம் மாறியது. 1974-இல் மும்பைக்கு அப்பால் கடலடியில் எண்ணெய் கிடைத்தது. கடலில் இரும்பு மேடைகள் எழுந்தன. அவற்றுக்குத் தொழிலாளர் ஹெலிகாப்டரிலோ, கிரேன் தூக்கும் கூடையிலோ மாறுகின்றனர். கருவி புதிது, ஆபத்து பழையதே.

2005 ஜூலை 27 அன்று ‘சமுத்ர சுரக்ஷா’ என்னும் கப்பலிலிருந்து காயமுற்ற ஒருவரை மேடைக்கு மாற்ற வேண்டியிருந்தது. மழைக்காலக் கடல், ஹெலிகாப்டர் வர இயலவில்லை. காற்று மறைவான பக்கத்துக் கிரேன் இயங்கும் நிலையில் இல்லை. எனவே, காற்று மேடையை நோக்கித் தள்ளும் பக்கத்தில் கப்பல் நெருங்கியது. காயமுற்றவர் கூடையில் நலமாக ஏற்றப்பட்டார். விலகும்போது கப்பல், மேடையோரம் மேலெழும் எரிவாயுக் குழாயில் மோதியது. தீ மூண்டது, 22 பேரை இழந்தோம். 362 பேர் மீட்கப்பட்டனர்.

ஒருவருக்கு உதவும் நல்லெண்ணத்தில் குறையில்லை. ஆனால், மறைவான பக்கத்துக் கிரேனைப் பழுதின்றி வைத்திருத்தலும் அந்த உதவியின் பகுதியே. ஓரடி பாதுகாப்பாக அமைய, அதற்கான ஏற்பாடு பல நாள் முன்னரே தொடங்கியிருத்தல் வேண்டும்.

‘மாலுமி’ என்னும் சொல் அறபியின் ‘முஅல்லிம்’ என்பதிலிருந்து வந்தது என்பர். கற்பிப்பவர் என்பது அதன் பொருள். கடலில் எப்போது காலெடுத்து வைப்பது என்பதோடு, எப்போது வைக்கலாகாது என்பதையும் கற்பிப்பவரே மாலுமி.