தெளுவும் நுரையும்



சங்ககிரி, திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கம் வரப்போரம் நிற்கிற பனைமரத்தைப் பற்றி இன்றைக்குக் கொஞ்சம் பேசுவோம். உழவு பற்றிச் சொல்லாமல் இதென்ன பேச்சு என்று கேட்கலாம். இந்தியாவிலேயே பேர் பெற்ற ஒரு சட்டம் இந்த மரத்தின் பாளையைத் தொட்டு நம்ம சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது என்பதால்தான் சொல்கிறேன்.

பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் சொட்டுவது சர்க்கரைத் தண்ணீர். லிட்டருக்கு 100 கிராமுக்கு மேலேயே சர்க்கரை இருக்கும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் அது தெளுவு, அதாவது பதநீர். தடவாவிட்டால் காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்திலும் ஒட்டியிருக்கும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் அந்தச் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் வெளிவிடும். பொங்கி வருகிற நுரை அந்த வாயுதான். பொழுது ஏற ஏறக் கள்ளாகிவிடும். போதைச் சத்து நூற்றுக்கு 4 முதல் 6 பங்கு வரை. இன்னும் வைத்திருந்தால் புளித்துக் காடிதான்.

இதே வேலை திராட்சையிலும் நடக்கிறது. பிரான்சு நாட்டில் சிறு தோட்டக்காரர்கள் சிலர் மருந்தடிக்காத பழத்தைப் பிழிந்து, ஈஸ்ட் எதுவும் சேர்க்காமல், புளிப்பு முடியும் முன்பே போத்தலில் அடைத்துவிடுகிறார்கள். வாயு உள்ளேயே தங்கி, திறக்கும்போது நுரைக்கிறது. நம்ம மரமேறியின் கலயத்தில் நடப்பதும் அதேதான். புளிப்பது ஈஸ்ட்டின் வேலை என்று லூயி பாஸ்டர் 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆராய்ந்து சொன்னார். கலயத்தில் சுண்ணாம்பு தடவத் தெரிந்தவர்கள் அவருக்குக் காத்திருக்கவில்லை!

சரி, சட்டத்துக்கு வருவோம். ராஜாஜி சேலத்தில் வக்கீலாக இருந்தவர், நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். 1925-இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். அங்கிருந்து ‘விமோசனம்’ என்று மதுவிலக்குக்காகவே ஒரு பத்திரிகை வந்தது. அதில் கல்கியும் பணியாற்றினார். கள்ளுக்கடையில் கூலி கரைந்து பெண்டு பிள்ளைகள் பட்டினி கிடந்ததை ராஜாஜி கண்கூடாகக் கண்டவர். சென்னை மாகாணப் பிரதமரானதும் 1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டு வந்தார். இன்றைய நாமக்கல்லும் அப்போது சேலத்தில்தான் சேர்ந்திருந்தது. வருமானம் போன இடத்தை நிரப்ப 1939-இல் விற்பனை வரி வந்தது. கடையில் நாம் கொடுக்கிற வரிக்கும் கள்ளுக்கும் இப்படி ஒரு உறவு உண்டுங்க.

குடிகாரன் வீட்டில் அடுப்பெரிந்தது, வாஸ்தவம். ஆனால் மரமேறி வீட்டில்? இதை அன்றைக்கு எல்லோரும் போதுமான அளவு யோசித்ததாக எனக்குத் தோன்றவில்லை. சுண்ணாம்புக் கலயத்தோடு மரமேறி, தெளுவைக் காய்ச்சி வெல்லமாக்கச் சொன்னார்கள். காய்ச்ச விறகு வேண்டும், மணிக்கணக்கில் கிண்ட வேண்டும். அது பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுகிற வேலை. கள்ளுக்குக் கிடைத்த கைக்காசு வெல்லத்துக்கு வருமா?

1948-இல் மதுவிலக்கு மாகாணம் முழுவதும் வந்தது. 1971-இல் தளர்ந்து, மறுபடி வந்து, மறுபடி தளர்ந்தது. 1987 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. பக்கத்துக் கேரளத்தில் கள்ளுக்கடை உண்டு. இங்கே 2017-இல் தென்னையிலிருந்து நீரா இறக்க அரசு வழி செய்தது. அதைச் சுண்ணாம்பில்லாமல், பனிக்கட்டி வைத்த பெட்டியில் குளிர்ச்சியாகப் பிடித்தே புளிக்காமல் காக்கலாம்.

சங்ககிரிப் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் தெளுவு எப்படிக் கெடும் என்று கேட்டேன். “சுண்ணாம்பு ஒரு விரல் குறைஞ்சா நுரை வந்துருமுங்க. நான் பண்ணறதில்ல, அதுவா வரும்” என்றார்.