ரிசோட்டோ: பதினெட்டு நிமிஷமும் எட்டு மணி நேரமும்

இன்னைக்கு எபிசோடுக்கு ஒரு அகலமான கடாய், ஒரு மரக் கரண்டி, பதினெட்டு நிமிஷம் போதும். வெயில் காலத்துக்கு ஏத்த மாதிரி மட்டி போட்ட ரிசோட்டோ செய்யப் போறோம். அப்படியே அந்தக் கடாய்க்குள்ள இருக்கிற வரலாற்றையும் கொஞ்சம் கிளறிப் பார்ப்போம்.

தெரியாதவங்களுக்கு ஒரு வரி: ரிசோட்டோ என்பது வட இத்தாலியின் அரிசிச் சாப்பாடு. நம்ம வெண்பொங்கலை விடத் தளர்வா இருக்கணும். தட்டைச் சாய்ச்சா மெதுவா ஓடணும். அந்தப் பதத்துக்கு அங்கே 'ஆல் ஓண்டா'ன்னு பேரு. ஓண்டா என்றால் அலை. ரீல்ஸ்ல இந்த உணவு வந்தாலே ஒரு இத்தாலியப் பாட்டி வருவாங்க, கூடவே 'பல நூற்றாண்டுப் பாரம்பரியம்'னு ஒரு கேப்ஷனும் வரும். பாட்டி நிஜம்தான். ஆனா அந்தப் பாட்டி இளவயசுல எங்கே நின்னு வேலை பார்த்தாங்கன்னு யாரும் கேட்கிறதில்லை. அதுதான் இன்னைக்குக் கதை.

முதல் வேலை, மட்டியை உப்புத் தண்ணியில ஊறவெச்சு மணலைக் கக்க விடுங்க. அதுக்குள்ள அரிசியைப் பார்ப்போம். இந்த அரிசியைக் கழுவக் கூடாது. நம்ம வீட்டுல சொன்னா திட்டு விழும், ஆனா காரணம் இருக்கு. ரிசோட்டோவின் குழைவுக்கு க்ரீம் எதுவும் கிடையாது. கிளறக் கிளற அரிசியிலிருந்து கரையுற மாவுச்சத்துதான் எல்லாம். மணி வெளியே கரையணும், நடுவுல லேசா கடிபடணும்.

இத்தாலிக்கு அரிசி பழசுதான். மிலானை ஆண்ட ஸ்ஃபோர்சா பிரபு, ஃபெராரா பிரபுவுக்கு 12 மூட்டை அரிசி தருவதாகச் சொல்லும் 1475-ஆம் வருஷக் கடிதம் இருக்கு. ஆனா இன்னைக்குக் கடையில நாம தேடுற ரகங்கள்? கார்னரோலி 1945-ல் உருவானது. அர்போரியோ 1946. நம்ம நாடு சுதந்திரம் வாங்குறதுக்கு ஒண்ணு ரெண்டு வருஷம் முன்னாடி பிறந்த அரிசி, அவ்வளவுதான்.

பழசு எதுன்னா, அந்த வயலில் நடந்த உழைப்பு. போ ஆற்றுச் சமவெளியில வசந்த காலத்து ராத்திரிகள் குளிரும். வயலில் தண்ணி நிறுத்தினா பயிருக்கு அது போர்வை மாதிரி. அந்தத் தண்ணிக்காக 1863-ல் ஆரம்பிச்சு 1866-க்குள்ள 80 கிலோமீட்டருக்கு மேல நீளமான காவூர் கால்வாயை வெட்டினாங்க. தண்ணி வந்தது, சாகுபடி பெருகியது. கூடவே களையும் பெருகியது.

அந்தக் களையை எடுத்தவங்க பெண்கள். 'மொண்டினே'ன்னு பேரு. ஒவ்வொரு வருஷமும் மே கடைசியில எமிலியா, வெனெத்தோ மாதிரிப் பகுதிகளில் இருந்து ரயிலேறி, வெர்செல்லி, நொவாரா வயல்களுக்கு வருவாங்க. சுமார் 40 நாள். முழங்கால் அளவு தண்ணி, வளைஞ்ச முதுகு, மேல வெயில், சுத்தி மலேரியா கொசு. ராத்திரி பண்ணைக் கொட்டகையில் வரிசையாப் படுக்கை. கூலியில் ஒரு பங்கு காசு, ஒரு பங்கு வீட்டுக்கு எடுத்துட்டுப் போகிற அரிசி. சாப்பாடு பெரும்பாலும் அரிசியும் பீன்ஸும். மட்டியும் வெண்ணெயும் போட்ட ரிசோட்டோ வேற யாரோட தட்டுலயோ இருந்தது.

சரி, கடாய்க்கு வருவோம். ஆலிவ் எண்ணெயில் பூண்டு, மட்டி, கொஞ்சம் வெள்ளை ஒயின் போட்டு மூடுங்க. ஓடு திறந்ததும் மட்டியை எடுத்துட்டு, அந்தச் சாற்றை வடிகட்டி, சூடான மீன் ஸ்டாக்கோட சேருங்க. வேற கடாயில் வெங்காயத்தை வதக்கி, அரிசியை வறுத்து, சாற்றைக் கரண்டி கரண்டியா ஊத்திக் கிளறுங்க. இப்போ கை மட்டும்தான் பிஸி. கதையின் முக்கியமான கட்டத்தைச் சொல்லிடறேன்.

இந்த மொண்டினே சும்மா இருக்கலை. 1900-களின் தொடக்கத்தில் வேலைநிறுத்தம் மேல வேலைநிறுத்தம். மொதெஸ்தோ குன்யோலியோ என்கிற வழக்கறிஞர் அவங்களுக்காக வாதாடினார், 'லா ரிசாயா', அதாவது 'நெல்வயல்' என்ற பத்திரிகையும் நடத்தினார். 1906-ல் வெர்செல்லி வயல்களில் எட்டு மணி நேர வேலை என்கிற கோரிக்கையை அந்தப் பெண்கள் ஜெயிச்சாங்க. இத்தாலி முழுசுக்கும் எட்டு மணி நேரம் சட்டமானது 1923-ல். அதாவது 17 வருஷம் கழிச்சு. அந்தக் காலத்தில் இந்தப் பெண்களுக்கு ஓட்டுரிமை கூடக் கிடையாது. அது 1945-ல்தான் வந்தது.

நான் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவன். ராத்திரி பத்து மணிக்கு 'ஒரு சின்ன கால்'னு மெசேஜ் வர்ற உலகத்துல, எட்டு மணி நேரம் என்பது ஆபீஸ் நமக்குப் பார்த்துக் கொடுத்த சலுகை மாதிரி தோணும். சலுகை இல்லை. சேத்துல நின்னவங்க கேட்டு, மறுக்கப்பட்டு, திரும்பக் கேட்டு வாங்கின விஷயம்.

1949-ல் ஜுசெப்பே டி சாந்திஸ் இவங்களை வெச்சு 'ரிசோ அமாரோ' படம் எடுத்தார். இத்தாலிய மொழியில் ரிசோ என்றால் அரிசி, சிரிப்பு, ரெண்டும்தான். கசப்பான அரிசி, கசப்பான சிரிப்பு. அடுத்த இருபது வருஷத்துக்குள்ள களைக்கொல்லியும் இயந்திரமும் வந்தன. முதுகு தப்பிச்சது, வேலையும் போச்சு.

கடாய்ல இருக்கிற மட்டிக்கும் கதை உண்டு. இன்னைக்கு இத்தாலியில் வளர்க்கிற மட்டியில் பெரும்பகுதி ஆசியக் கடல்களைச் சேர்ந்த மணிலா மட்டி. வெனிஸ் காயலுக்கு 1983-ல்தான் வந்தது. 2022 வறட்சியில் போ ஆறு வத்தி, கடல் நீர் உள்ளே ஏறி, நெல்வயல்கள் காய்ந்தன. 2023-ல் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த நீல நண்டு பெருகி, போ கழிமுகத்து மட்டிப் பண்ணைகளைத் தின்னு தீர்த்தது. தண்ணியில நின்னு வேலை பார்க்கிறவங்க பாடு இன்னும் முடியலை.

பதினாறு, பதினெட்டு நிமிஷம் ஆயிருக்கும். அடுப்பை அணைச்சு, ஒரு துண்டு குளிர்ந்த வெண்ணெய் போட்டு வேகமாக் கிளறுங்க. மட்டி, நறுக்கின தக்காளி, துருவின எலுமிச்சைத் தோல் சேருங்க. சீஸ் வேண்டாம், கடல் வாசத்தை அமுக்கிடும். உடனே சாப்பிடுங்க, ஆறினா இறுகிடும். சாப்பிடும்போது பக்கத்துல இருக்கிறவங்களுக்கு வெர்செல்லி பெண்களைப் பத்திச் சொல்லுங்க. பாட்டி கதையை விட இது நல்ல கதை.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.