குறுவாளும் சயாம் தண்டவாளமும்



நான் ரிங்லெட்காரன். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவனுக்குக் கத்தி புதிதல்ல. கவ்வாத்துக் கத்தியைக் கையில் வாங்கினால் நம் பெரியவர்கள் கூர் எப்படி என்றுதான் பார்ப்பார்கள். ஜப்பானியரின் பழைய குறுவாளைச் சோதிப்பவரோ அதோடு விடமாட்டார். பிடியைக் கழற்றச் சொல்வார்.

அந்தக் குறுவாளுக்கு 'வாக்கிசாஷி' என்று பெயர். அலகு ஏறக்குறைய 30 முதல் 60 சென்டிமீட்டர். அதைவிடக் குட்டை 'தந்தோ', நீளமானது 'கத்தானா'. சாமுராய் வீரன் பிறர் வீட்டுக்குள் போகும்போது நெடுவாளைக் கழற்றி வைத்துவிடுவான். குறுவாள் இடுப்பிலேயே இருக்கும்.

அலகின் முதுகில் களிமண்ணைத் தடிப்பாகவும், வெட்டும் விளிம்பில் மெல்லியதாகவும் பூசி, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பார்கள். விளிம்பு சட்டென்று குளிர்ந்து கடினமாகும். முதுகு மெல்லக் குளிர்ந்து, எளிதில் முறியாத தன்மை பெறும். இரண்டும் சேரும் இடத்தில் அலைபோல ஒரு வெண்கோடு ஓடும். அதுதான் 'ஹாமோன்'. பிடிக்குத் திருக்கை மீன் தோல், அதன்மேல் பட்டுக் கயிறு. இத்தனையையும் பிடித்து நிறுத்துவது ஒரு சின்ன மூங்கில் ஆணி! அதைத் தட்டி எடுத்தால், உள்ளே மறைந்திருக்கும் இரும்பு வெளியே வரும். கொல்லர் தம் பெயர், ஊர், ஆண்டு இவற்றைப் பொறித்திருந்தால் அங்கேதான். அங்குள்ள துருவை விவரம் அறிந்தவர் தேய்க்கமாட்டார். வாளின் வயதுக்கு அந்தத் துருதான் சாட்சி.

இப்படி ஒரு குறுவாளுக்கும் நமக்கும் சம்பந்தம் உண்டு. தென்கிழக்காசியாவில் ஜப்பானியப் படைகளுக்குத் தலைமை வகித்தவர் பீல்டு மார்ஷல் தெராவுச்சி. அவரது அதிகாரத்தின் கீழ்தான் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். சிலரைச் சம்பள ஆசை காட்டி, சிலரை வலுக்கட்டாயமாக. காலரா, மலேரியா, பட்டினி. 1943 அக்டோபரில் பாதை முடிந்தபோது, ஆசியத் தொழிலாளர்கள் எத்தனை பேர் மாண்டிருந்தார்கள் என்பதற்குச் சரியான பதிவேடே இல்லை. சுமார் 90,000 என்பது ஒரு மதிப்பீடு.

போர் முடிந்தது. ஜப்பானிய அதிகாரிகள் வாளைப் பலர் பார்க்க ஒப்படைக்க வேண்டும் என்றார் மவுண்ட்பேட்டன். பக்கவாதத்தால் சிங்கப்பூர் சரணடைவு நிகழ்ச்சிக்கு வராத தெராவுச்சி, 1945 நவம்பர் 30 அன்று சைகோனில் தம் குடும்ப வாள்களைக் கொடுத்தார். அவற்றில் ஒன்று வாக்கிசாஷி. அது இங்கிலாந்து அரச குடும்பத்திடம் போய், விண்ட்சர் கோட்டையில் இடம்பெற்றது. தெராவுச்சி 1946 ஜூனில், நம் ஜொகூர் ரெங்கத்தில், காவலில் இருந்தபோது இறந்தார். சிங்கப்பூரின் ஜப்பானியர் மயானத்தில் அவருக்கு நினைவுக்கல்லும் இருக்கிறது.

நம் தாத்தாக்களுக்கு? தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள். நம்மவர்களுக்கு அங்கே ஒரு நடுகல் எழுந்ததே 2023இல்தான். எண்பது ஆண்டு கழித்து!

உங்கள் குடும்பத்திலிருந்து சயாமுக்குப் போய்த் திரும்பாதவர் உண்டா? விவரம் தெரிந்த முதியவர் வீட்டில் இருந்தால் இன்றைக்கே கேட்டு எழுதிவையுங்கள். பெயர், தோட்டம், போன ஆண்டு. இந்த மூன்றும் போதும்.